முசியே கையிலிருந்த நாலு ஓட்டு

காரைக்கால் பேருந்து நிலையத்திலிருந்து விழிதியூர் போகும் டவுன் பஸ்ஸில் முசியே ஏறினால் அடுத்த நிறுத்தத்தில் சண்டை நிச்சயம். ஏறும்போது படியில் நிற்பவர்களைப் பார்த்து, "கொஞ்சம் உள்ள போங்கய்யா, மனுஷன் ஏற வேணாமா" என்பார். ஜன்னலோரமாக இடம் பிடித்து, தோல் பையை மடியில் வைத்துக்கொண்டதும் குரல் மாறிவிடும். அடுத்த நிறுத்தத்தில் யாராவது கைகாட்டினால் முகத்தைச் சுளித்துக்கொண்டு, "இன்னும் எத்தினி பேரத்தான் ஏத்துவ? ரைட் குடுத்துட்டுப் போய்க்கிட்டே இரு" என்று கண்டக்டருக்கு உத்தரவு போடுவார். கைகாட்டியவள் கைக்குழந்தைக்காரியாக இருந்தாலும் அவருக்கு ஒன்றுதான். தன்னுடைய டிக்கெட்டையே அப்போது அவர் வாங்கியிருக்க மாட்டார்.

அந்த மனிதரைப் பற்றித் தெரிந்துகொள்ள இது போதும். ஆனாலும் எழுதுகிறேன், காரணம் இருக்கிறது. அவர் செத்துச் சில வருஷம் ஆகிறது. எங்கள் தருமபுரம் தெருவில் ஒன்றிரண்டு பேர் இப்போது அவரைத் தங்கமான மனுஷன் என்று சொல்லத் தொடங்கியிருக்கிறார்கள். செத்துப்போனால் நம் ஊரில் தங்கமுலாம் இலவசம். அவருக்குப் பூசுவதை மட்டும் என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

வெளியூர்க்காரர்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். பிரெஞ்சுக்காரன் காரைக்காலை விட்டுப் போனபோது, விருப்பப்பட்டவர்கள் பிரெஞ்சுக் குடிமக்களாகவே இருந்துகொள்ளலாம் என்று ஆறு மாதம் கெடு கொடுத்தார்கள். எழுதிக் கொடுத்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்றைக்கும் எங்கள் தெருக்களில் இருக்கிறார்கள். சோறு சாப்பிடுகிறார்கள், வாய்க்கால் தண்ணீருக்குச் சண்டை போடுகிறார்கள், ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை பிரான்ஸ் நாட்டு அதிபரைத் தேர்ந்தெடுக்க இங்கேயே ஓட்டும் போடுகிறார்கள். அந்த நாட்டைக் கண்ணால் பார்க்காத பலர் அதில் உண்டு. நானும் ஒருவன். அப்பா எழுதிக் கொடுத்தார், நான் பிரெஞ்சுக் குடிமகன். பஸ் ஸ்டாண்டு பக்கம் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். எனக்குத் தெரிந்த பிரெஞ்சை வைத்துக்கொண்டு ஒரு டீ வாங்கிக் குடிக்கலாம், பாக்கிச் சில்லறை கேட்க முடியாது.

முசியேவுக்கு நன்றாகவே தெரியும். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கிக்கொண்டு வந்தவர். முசியே என்றால் ஐயா என்று அர்த்தம். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க மாட்டார் என்பதால் ஊரே அப்படித்தான் கூப்பிட்டது. போரில் பார்த்ததையெல்லாம் சொல்லி மாளாது என்பார். அவர் பார்த்தது கம்பளிக் கிடங்கை. அவரோடு அதே முகாமில் இருந்த என் மாமா, அதாவது தனபாக்கியம் அத்தையின் புருஷன், உயிரோடு இருந்தவரை இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். கம்பளி கேட்டு வருகிறவர்களிடம் இருப்பு இல்லை என்று சொல்லி அனுப்புவதில் அந்தக் கிடங்கிலேயே இவருக்கு நிகர் கிடையாதாம்.

தன் அப்பா எழுதிக் கொடுத்த கதையை முசியே என் கடையில் உட்கார்ந்து பல தடவை சொல்லியிருக்கிறார். கண்ணாடி துடைக்க வருவார், ஏ.சி.க்கு நேரே இருக்கும் நாற்காலியில் உட்காருவார், பிறகு எழுந்திருக்க மாட்டார். கெடு முடிகிற கடைசி நாள். அப்பா வயலில் இருந்துவிட்டார். பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடிவந்து பார்த்தால் அலுவலகத்தைப் பூட்டிக்கொண்டிருக்கிறார்கள். அங்கே இருந்த குமாஸ்தா மனமிரங்கி, பூட்டிய கதவை மறுபடி திறந்து, விளக்கைப் போட்டு எழுதிக்கொண்டாராம். தோளில் இருந்த பிள்ளை முசியேதான். இந்த இடத்தில் அவர் கண் கலங்கும். கலங்கிய கண்ணைத் துடைத்துக்கொண்டே, பிற்பாடு கல்யாணம் பண்ணிக்கொண்டு குடியுரிமை வாங்குகிறவர்களைப் பற்றி ஆரம்பிப்பார். "குறுக்கு வழியில வர்றானுவோ. நாங்கள்லாம் முறையா வந்தவங்க" என்பார். அவருடைய சொந்த மருமகள் குரும்பகரத்துப் பெண். அவர் பையனைக் கட்டிக்கொண்டு பிரான்ஸுக்குப் போனவள். அது எந்த வழி என்று நான் ஒரு தடவை கேட்டேன். அது குடும்ப விஷயம் என்றார்.

மாங்கனித் திருவிழாவில் சாமி ஊர்வலம் போகும்போது மாடிகளிலிருந்து மாம்பழம் வீசுவார்கள், அதை எட்டிப் பிடிக்கக் கூட்டம் அலைமோதும். முசியேவும் பிடிப்பார். பை நிறைந்ததும் ஒதுங்கி நின்று, நாகப்பட்டினம், மாயவரம் என்று கண்ட ஊர்க் கூட்டமும் இங்கே வந்து விழுகிறது, போலீஸ் என்ன பண்ணுகிறது என்று கேட்பார். கல்யாண வீட்டில் முதல் பந்தியில் கை நனைத்துவிட்டு, இரண்டாம் பந்திக்குக் காத்திருப்பவர்களைப் பார்த்து, அழைப்பில்லாமல் வந்தவர்களே பாதிப்பேர் என்று முணுமுணுப்பார். இப்படி எத்தனையோ. தன் காரியம் முடிந்த அடுத்த நொடியில் உலகத்தில் இடம் தீர்ந்துவிடும் அவருக்கு.

அவர் யாருக்கு ஓட்டுப் போடுகிறார் என்பது ரகசியமே இல்லை, அவரே சொல்லிவிடுவார். நான் பல தேர்தலில் ஓட்டு எண்ணுகிற மேஜையில் உட்கார்ந்திருக்கிறேன். அங்கே அரசாங்க ஊழியர் எண்ணுவதில்லை, ஓட்டுப் போட்டவர்களில் நாலு பேரைப் பிடித்து உட்கார வைத்துவிடுவார்கள். ஒருவர் உறையைப் பிரிப்பார், ஒருவர் பேரைப் படிப்பார், மற்றவர்கள் கோடு போடுவார்கள். அப்படிப் பார்த்ததில், எங்கள் பெட்டியில் விழுந்த ஓட்டு கொஞ்சம் கொஞ்சமாக இடம் மாறியது எனக்குத் தெரியும். ஆரம்பத்தில் பட்டாளத்துக்காரர்களுக்குப் பிடித்த கட்சிக்குத்தான் அள்ளிக் கொட்டுவார்கள். முசியேவும் அதுதான். பிறகு இடதுசாரிகள் பக்கம் கொஞ்சம் சாய்ந்தது. முசியேவும் சாய்ந்தார், பென்ஷனை உயர்த்துவார்கள் என்று பேச்சு. உயர்த்தினார்கள். அடுத்த தேர்தலில் அவர் அவர்களைத் திட்டித் தீர்த்தார். என்ன குற்றம் என்றால், பிரான்ஸில் தங்க அனுமதிக் காகிதம் இல்லாமல் இருந்த வெளிநாட்டுக் கூலிக்காரர்களுக்குக் காகிதம் கொடுத்துவிட்டார்களாம். வாங்கிய உயர்வைத் திருப்பிக் கொடுத்ததாக நான் கேள்விப்படவில்லை.

அப்புறம் மறுபடி வலது பக்கம். அங்கேயும் நிற்கவில்லை. வெளியாட்களை நிறுத்து, வந்தவர்களைத் திருப்பி அனுப்பு என்பதையே கொள்கையாக வைத்திருக்கும் கட்சி ஒன்று அங்கே உண்டு. முதன்முதலில் அதன் வேட்பாளர் பேர் எழுதிய சீட்டு எங்கள் மேஜையில் பிரிந்தபோது எல்லோரும் சிரித்தோம். யாரோ தவறுதலாகப் போட்டிருக்கிறார்கள் என்றுதான் நினைத்தோம். கறுத்த தோலும் நெற்றியில் விபூதியுமாக இருக்கிற எங்களில் எவன் இதற்குப் போடுவான்? அடுத்த தேர்தலில் ஒன்று நாலாயிற்று. அப்போது யாரும் சிரிக்கவில்லை. அதற்கடுத்ததில் இன்னும் சில.

ஜெயிக்கிற பக்கம் சாய்கிற மனிதர் என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். அப்படி இருந்தாலாவது ஒரு பிழைக்கிற புத்தி என்று விட்டுவிடலாம். ஆனால் இந்தக் கட்சி ஜெயிக்கவே இல்லை, இவர் விடவும் இல்லை. யோசித்துப் பார்த்தபோதுதான் புரிந்தது, அவர் மாறவே இல்லை. பென்ஷனுக்காகச் சாய்ந்த அந்த ஒரு தடவையைத் தவிர, கதவைச் சாத்துவதாக யார் சொன்னார்களோ அவர்களுக்கே எப்போதும் போட்டிருக்கிறார். மெதுவாகச் சாத்துகிறேன் என்றவரை விட்டுவிட்டு, ஓங்கி அடித்துச் சாத்துகிறேன் என்றவரிடம் போய்ச் சேர்ந்தார். அவ்வளவுதான் அவர் அரசியல்.

இடையில் பையனோடு இருக்கப் போகிறேன் என்று பிரான்ஸுக்குப் போனார். தெருவே திரண்டு வழியனுப்பியது. ஒரு குளிர்காலம் முடிவதற்குள் திரும்பி வந்துவிட்டார். சீதோஷ்ணம் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிக்கொண்டார். நடந்ததை அவர் மனைவி என் அத்தையிடம் சொல்லியிருக்கிறார். பையன் இருந்தது ஒரு சின்ன ஊர், சுற்றிலும் கோதுமை வயல். அங்கே ரொட்டிக் கடைக்காரி இவருக்கு முன்னால் நின்றவர்களுக்கெல்லாம் வணக்கம் சொல்வாள், இவரைப் பார்த்தால் சில்லறையைக் கையில் கொடுக்காமல் மேஜையில் வைப்பாள். ஒரு நாள் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த கிழவன், எப்போது உங்கள் ஊருக்குத் திரும்பப் போகிறாய் என்று கேட்டானாம். பதக்கம் குத்திய கோட்டோடு உட்கார்ந்திருந்த நம் முசியே, கூடிய சீக்கிரம், ஐயா, என்று பதில் சொன்னாராம்.

அதற்குப் பிறகாவது புத்தி வந்திருக்கும் என்று எதிர்பார்த்தேன். என் கடையில் உட்கார்ந்து அவர் சொன்னது இதுதான்: "அவங்களயும் குத்தம் சொல்ல முடியாது தம்பி. நம்மாளுங்க ரொம்பப் பேரு போயி அடைஞ்சிட்டானுவோ. எனக்கே பாக்க ஒரு மாதிரி இருந்துச்சு." தன்னை மிதித்தவனின் செருப்பை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறவனிடம் என்ன பேசுவது? கண்ணாடியைத் துடைத்துக் கொடுத்து அனுப்பினேன்.

இவர் யாருக்கு வேண்டுமானாலும் போட்டுத் தொலைக்கட்டும் என்று விட்டிருக்கலாம். பிரச்சினை என்னவென்றால் அவர் கையில் நாலு ஓட்டு இருந்தது.

பிரெஞ்சுத் தேர்தலில், ஓட்டுச் சாவடிக்கு வர முடியாதவர்கள் தங்கள் ஓட்டைப் போட இன்னொருவருக்கு அதிகாரம் எழுதிக் கொடுக்கலாம். முறையாகப் பதிவு செய்ய வேண்டும், ஒருவர் மூன்று பேருக்குப் போடலாம். எங்கள் பக்கத்துத் தெருக்களில் இருந்த மூன்று பட்டாளத்து விதவைகள் முசியேவுக்கு எழுதிக் கொடுத்திருந்தார்கள். அவர்களில் ஒருத்தி தனபாக்கியம் அத்தை, என் அப்பாவின் தங்கை. மூன்று பேரும் நடக்க முடியாதவர்கள் இல்லை. அத்தை தினமும் மீன் வாங்க மார்க்கெட்டுக்கு நடந்து போய் வருகிறவள். விஷயம் வேறு. புருஷன் பென்ஷன் நிற்காமல் வர வருஷா வருஷம் உயிரோடு இருப்பதாகச் சான்று அனுப்ப வேண்டும். பிரெஞ்சில் வருகிற கடிதங்களுக்குப் பதில் எழுத வேண்டும். இதையெல்லாம் எழுதிக் கொடுத்தவர் முசியே. காசு வாங்க மாட்டார். அதனால்தான் அவரைத் தங்கம் என்கிறார்கள். ஓட்டை வாங்கிக்கொள்வார், அதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

அத்தை மகன் பிரான்ஸில் ஒரு ஓட்டல் சமையலறையில் வேலை பார்த்தான். இங்கே வந்து கவிதாவைக் கல்யாணம் பண்ணிக்கொண்டு இரண்டு மாதம் இருந்துவிட்டுப் போனான். கவிதா இந்தியக் குடிமகள். கல்யாணத்தை அங்கே பதிவு செய்து, அப்புறம் விசா வாங்க வேண்டும். இரண்டு வருஷமாகப் புதுச்சேரிக்கும் காரைக்காலுக்கும் அலைந்தாள். அத்தைக்கும் கவிதாவுக்கும் நல்ல ஒட்டுதல். ஆனால் கல்யாணமான பெண்ணை மாமியார் வீட்டில் இப்படி உட்கார வைத்திருக்கிறோமே என்று அத்தைக்கு ராத்தூக்கம் கிடையாது. அந்த வருஷத் தேர்தல் நெருங்கியபோது மகன் போனில் சொன்னான். முசியே ஆதரிக்கும் வேட்பாளர் வந்தால் வெளிநாட்டுப் பெண்டாட்டிகளை அழைத்து வருவதை இறுக்கப் போகிறார்களாம், பார்த்துப் போடு அம்மா என்றான். தன் ஓட்டு எங்கே போய்க்கொண்டிருக்கிறது என்று அத்தைக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

உடனே முசியே வீட்டுக்குப் போனாள். துணைக்கு நானும் போனேன். அத்தை நின்றுகொண்டே, மிகவும் பணிவாகத்தான் கேட்டாள்.

"இந்த ஒரு தடவ எஞ்சீட்ட மட்டும் மாத்திப் போட்டுடுங்க முசியே. மருமவ விசா கெடக்குது."

முசியே செய்தித்தாளை மடிக்கக்கூட இல்லை. "உம்புள்ளதான் உள்ள போயிட்டான்ல. அப்புறம் என்ன? எல்லாரும் பொண்டாட்டி, மச்சான், மச்சினின்னு இழுத்துக்கிட்டே போனா அது நாடா சத்திரமா?"

"அவ என்ன மச்சினியா? அவன் கட்டுன பொண்டாட்டிங்க."

"ஒனக்கு அரசியல் தெரியாது தனபாக்கியம். போ. சான்று எழுத வேண்டிய மாசம் வருது, அதுக்கு வா."

கடைசி வாக்கியத்தை அவர் மிரட்டலாகச் சொன்னாரா, சாதாரணமாகச் சொன்னாரா என்று எனக்குத் தெரியாது. அத்தைக்கு உறைத்துவிட்டது. வீடு திரும்பியதும், எழுதிக் கொடுத்ததை மாற்ற வழி உண்டா என்று என்னைக் கேட்டாள். அதிகாரம் எழுதிக் கொடுத்தவளே நேரில் வந்துவிட்டால், அவர் போடுவதற்கு முன் அவளே போட்டுக்கொள்ளலாம் என்று ஒரு விதி இருந்தது. விசாரித்துக்கொண்டு வந்து சொன்னேன். தேர்தலன்று காலையில் என்னைக் கூட்டிக்கொண்டு போ என்றாள் அத்தை.

சிக்கல் ஒன்றுதான். முசியே எல்லாத் தேர்தலிலும் முதல் ஆளாகப் போடுகிறவர். சாவடி எட்டு மணிக்குத் திறக்கும். கோட்டும் பதக்கமுமாகப் பொழுது விடியும்போதே போய் வாசல் கேட்டுக்கு உள்ளே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார். நாங்கள் ஏழு மணிக்குப் போனபோது கேட்டு சாத்தியிருந்தது. உள்ளே அவர், வெளியே நாங்கள். கொரோனாவுக்குப் பிறகு வந்த வழக்கப்படி ஒவ்வொருவராகத்தான் விடுவேன் என்றார் காவலாளி. முசியே எங்களைப் பார்த்தார், பார்க்காதது போல் திரும்பிக்கொண்டார். எட்டு மணிக்கு எழுந்து உடுப்பை நீவிக்கொண்டு உள்ளே போனவர், போகிற போக்கில் காவலாளியிடம், "நான் வர்ற வரைக்கும் யாரயும் விடாத" என்றார்.

ஓட்டு பெட்டியில் விழுந்ததும் அதிகாரி போட்டவர் பேரைச் சொல்லி, "ஆ வோத்தே" என்று உரக்கச் சொல்வார். ஓட்டுப் போட்டாயிற்று என்று அர்த்தம். ஜன்னல் திறந்திருந்தது. முசியே பேர் கேட்டது. அவருக்கு அதிகாரம் கொடுத்த இரண்டு விதவைகள் பேர் கேட்டது. அடுத்தது அத்தை பேர்தான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது, கேட்டை உலுக்கினேன். உள்ளே போனவர் வெளியே வரட்டும் சார் என்றார் காவலாளி. உள்ளேயிருந்து தெளிவாகக் கேட்டது. "மதாம் தனபாக்கியம். ஆ வோத்தே."

அத்தை கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தன் பேரைத் தவிர வேறொன்றும் அவளுக்குப் புரியவில்லை. என்ன சொல்றாங்க என்று என்னிடம் கேட்டாள். நீங்கள் ஓட்டுப் போட்டுவிட்டீர்களாம் அத்தை என்றேன்.

"நான் இங்கல்ல நிக்கிறேன்," என்றாள்.

உள்ளே போய்ச் சொன்னோம். அதிகாரி சின்னப் பெண், புதுச்சேரித் தமிழ்ப் பெண்தான். உண்மையாகவே வருத்தப்பட்டாள். போட்டபின் ஒன்றும் செய்ய முடியாது, இரண்டு வாரத்தில் இரண்டாம் சுற்று இருக்கிறது, அதற்குள் அதிகாரத்தை ரத்து செய்துகொள்ளுங்கள் என்றாள். அங்கே முதல் சுற்றில் முன்னணிக்கு வரும் இருவருக்கு நடுவில்தான் இறுதிப் போட்டி. அன்று ராத்திரி வந்த முடிவில் முசியேவின் ஆள் அதற்குத் தேறிவிட்டார். காலையில் நாங்கள் சாவடியை விட்டு வெளியே வந்தபோது முசியே அத்தையைப் பார்த்து, வெயில் ஏறுது, வீட்டுக்குப் போ தனபாக்கியம் என்று அன்பாகச் சொன்னார். அந்த அன்பை நான் சாகிறவரை மன்னிக்க மாட்டேன்.

அத்தை நடந்ததை மற்ற இரண்டு பேரிடமும் சொன்னாள். அவர்கள் பேரையும் ஜன்னல் வழியாகக் கேட்டதாகச் சொன்னாள். மூன்று கிழவிகளும் கவிதாவைக் கூட்டிக்கொண்டு புளிச்சோறு கட்டி பஸ் ஏறிப் புதுச்சேரி போய், எழுதிக் கொடுத்ததை ரத்து செய்துவிட்டு வந்தார்கள். சான்றுக்கு இனி என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். கவிதா விசாவுக்காகப் பிரெஞ்சு படித்துக்கொண்டிருந்தாள். தப்புத் தப்பாகவாவது நான் எழுதித் தருகிறேன் என்றாள்.

இரண்டாம் சுற்று. முசியே வழக்கம்போல முதல் ஆளாக உள்ளே போனார். இந்தத் தடவை ஒரே ஒரு பேர்தான் கேட்டது. உடனே வெளியே வந்துவிட்டார். ஆனாலும் வீட்டுக்குப் போகவில்லை, அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்து வருகிறவர்களை எண்ணிக்கொண்டிருந்தார். அத்தை அவசரப்படவில்லை. குளித்து, சாப்பிட்டு, பத்து மணிக்கு மேல் வந்தாள். கூடவே மற்ற இரண்டு பேரும். அன்றைக்குக் கவிதாவின் விசா வந்திருக்கவில்லை. அடுத்த தை மாதம்தான் வந்தது. அதற்கும் எங்கள் பெட்டிக்கும் சம்பந்தமில்லை என்று எனக்குத் தெரியும். அத்தை ஒப்புக்கொள்ள மாட்டாள்.

அங்கே நம் ஊர்த் தேர்தல்போல இயந்திரமும் சின்னமும் கிடையாது. மேஜையில் இரண்டு அடுக்குச் சீட்டு இருக்கும், ஒவ்வொன்றிலும் ஒருவர் பேர் மட்டும், படம்கூட இல்லை. இரண்டு அடுக்கிலும் ஒவ்வொன்று எடுத்துக்கொண்டு திரைக்குப் பின்னால் போய், வேண்டியதை உறைக்குள் போட வேண்டும். வேண்டாததை அங்கே வைத்திருக்கும் கூடையில் எறிந்துவிடலாம். அத்தைக்குப் பிரெஞ்சு எழுத்து ஒன்றும் தெரியாது. இரண்டு வேட்பாளர் பேரின் முதல் எழுத்தையும் கவிதா சமையலறைத் தரையில் கோலமாவால் போட்டுக் காட்டியிருந்தாள். திரைக்குப் பின்னால் போனவள் வெகுநேரம் வரவில்லை. கடைசியில் வெளியே வந்து பெட்டியில் உறையைப் போட்டாள். அந்தச் சின்னப் பெண் பேரைச் சொன்னாள்.

"கொஞ்சம் சத்தமாச் சொல்லும்மா," என்றாள் அத்தை. "வாசல்ல ஒருத்தரு ஒக்காந்திருக்காரு."

அதிகாரி சிரித்துக்கொண்டே உரக்கச் சொன்னாள்.

நாங்கள் கேட்டைத் தாண்டும்போது முசியே நாற்காலியிலிருந்து எழுந்திருக்காமலேயே பேசினார். குரலில் ஆத்திரமில்லை, இளக்காரம்தான். "எழுத்துக்கூட்டத் தெரியாதவளுக்கெல்லாம் ஆச வந்துருச்சு. மாத்திப் போட்டுட்டு வந்திருப்ப. எங்கிட்டயே விட்டிருந்தா ஒழுங்காப் போட்டிருப்பேன்."

அத்தை நின்றாள். அவள் வலது கை அதுவரை மூடியிருந்ததை நான் கவனிக்கவில்லை. விரித்தாள். வேர்வையில் கசங்கிய ஒரு சீட்டு இருந்தது. வேண்டாத சீட்டு. அவள் அதைக் கூடையில் போடவில்லை. முசியேவின் மடியில் வைத்தாள்.

"மாத்திப் போடல. இதான் உங்க ஆளு. பாத்துக்குங்க," என்றாள்.

முசியே குனிந்து படித்தார். அத்தை அதற்குள் மற்ற இரண்டு பேரோடும் தெருவைத் தாண்டி இளநீர் வண்டிக்குப் போய்விட்டாள். நான் திரும்பிப் பார்த்தபோது அவர் அந்தச் சீட்டை முழங்காலில் வைத்து உள்ளங்கையால் தேய்த்துத் தேய்த்துச் சுருக்கம் எடுத்துக்கொண்டிருந்தார். அப்புறம் அதை நாலாக மடித்து, பதக்கத்துக்குக் கீழே இருந்த கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார்.